நாமினேட்டிம்: நொடிக்கு ஒரு ரிக்வெஸ்ட்னா யாருக்கு?

வரைபடப்பூச்சி: இலவச ஏபிஐ (ஆப் வேற சர்வர்கிட்ட தகவல் கேட்டு வாங்குற வழி) பட்டியல்னு ஒண்ணு சுத்துது. அதுல "முகவரி தேட நாமினேட்டிம் போதும், ஒவ்வொரு யூசருக்கும் நொடிக்கு ஒரு ரிக்வெஸ்ட், ஆயிரம் பேர் வந்தாலும் கவலையில்ல"ன்னு இருக்கு. சுத்தத் தப்பு. நாமினேட்டிம்ங்கறது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ங்கற திறந்த வரைபடத்தோட முகவரித் தேடல் சேவை; அதோட பயன்பாட்டு விதில நொடிக்கு ஒண்ணுங்கறது மொத்த ஆப்புக்கும். உங்க யூசர் எல்லாரையும் கூட்டினாலும் ஒண்ணுதான்.

முன்முனை_முருகு: அந்தப் பட்டியலை எழுதினது நான்தான். ரிக்வெஸ்ட் யூசரோட போன்ல இருந்து நேரா போகுது, ஐபி (இணைய முகவரி எண்) வேற வேற. அப்புறம் எப்படிக் கூட்டுவாங்க?

வரைபடப்பூச்சி: ரிக்வெஸ்ட்டோட போற யூசர்-ஏஜென்ட், ரெஃபரர்ங்கற தலைப்பு வரிகள்ல ஒண்ணுலயாவது ஆப் அடையாளம் இருக்கணும், நிரல் லைப்ரரியோட டீஃபால்ட் பேர் செல்லாதுன்னு அதே விதி சொல்லுது. அதை வச்சு உங்க ஆப்பைத் தடுத்தா ஆயிரம் பேருக்கும் ஒரே நேரத்துல தேடல் செத்துடும். அதைவிட மோசம் பட்டியல்ல நீங்க கொடுத்திருக்கிற மாதிரி நிரல். எழுத்துக்கு ஒரு ரிக்வெஸ்ட்! ஆங்கிலத்துல திருநெல்வேலின்னு அடிச்சா 11. ஆட்டோகம்ப்ளீட்டுக்கு (அடிக்கும்போதே பரிந்துரை காட்டுறது) பயன்படுத்தவே கூடாதுன்னு தனியா எழுதியிருக்காங்க.

முன்முனை_முருகு: 300 மில்லிநொடி டிபௌன்ஸ் (அடிக்கிறது அவ்வளவு நேரம் நின்னாதான் அனுப்பும்) இருக்கு. நிரலைப் படிச்சுட்டுப் பேசுங்க.

வரைபடப்பூச்சி: நிதானமா அடிக்கிற ஒரே ஆள் நொடிக்கு மூணு அனுப்பிடுவார். டிபௌன்ஸ் எவ்வளவு வச்சாலும் ஆட்டோகம்ப்ளீட் ஆட்டோகம்ப்ளீட்தான். அதுக்கு ஃபோட்டான்னு வேற தேடல் சேவை இருக்கு. நாமினேட்டிம்தான் வேணும்னா தேடல் பட்டனை அழுத்தினா மட்டும் அனுப்புங்க.

கேஷ்ராணி: நடுவுல சின்ன ப்ராக்ஸி (ஆப்புக்கும் நாமினேட்டிமுக்கும் இடையில உங்க சொந்த சர்வர்) வைங்க. எல்லா ரிக்வெஸ்ட்டும் ஒரே வரிசைல நின்னு நொடிக்கு ஒண்ணா போகட்டும், வந்த பதிலைச் சேமிச்சு வைங்க. பைத்தான்னா ஜியோபைங்கற லைப்ரரில வேகத்தைக் கட்டுப்படுத்த ரேட்லிமிட்டர் இருக்கு, குறைந்தபட்ச இடைவெளியை 1 நொடின்னு வைங்க. ஆனா ஒண்ணு, நிரல் ஒரே நேரத்துல நாலு ப்ராசஸா ஓடினா நாலும் தனித்தனியா எண்ணும். வரம்பு அங்கதான் உடையும்.

முன்முனை_முருகு: ப்ராக்ஸிக்கு சர்வர் காசு யார் தர்றது? இலவச ஏபிஐ தேடுறவன்கிட்ட இப்படியா சொல்றது? ஐபி வேற, யூசர் வேற. என் கணக்கு சரி.

வரைபடப்பூச்சி: மறுபடியும் ஐபியா? விதி ஆப்புக்கு. ஆப்புக்கு!

முன்முனை_முருகு: போன மாசம் கிட்ஹப் (நிரல் சேமிக்கிற தளம்) ஏபிஐ பத்தின இழையிலயும் இதே கத்தல். டோக்கன் (அடையாளச் சாவி) இல்லாம மணிக்கு 60 ரிக்வெஸ்ட்ங்கறது ஐபிக்குத்தான்னு நான் சொன்னேன். கடைசில யார் சொன்னது சரி?

வரைபடப்பூச்சி: கிட்ஹப் ஐபின்னு எழுதியிருக்கு, அதனால ஐபி. நாமினேட்டிம்காரங்க எல்லா யூசரோட கூட்டுத்தொகைன்னு எழுதியிருக்காங்க, அதனால ஆப். ஒரு இடத்து விதியை இன்னொரு இடத்துல ஒட்டாதீங்க. நன்கொடைல ஓடுற சர்வர் அது.

கேஷ்ராணி: முருகு, அதே பட்டியல்ல விளம்பரம் ஓடுற ஆப்புக்கு ஓப்பன்-மீட்டியோங்கற வானிலை ஏபிஐயைச் சொல்லியிருக்கீங்க. கீ தேவையில்ல, நாளைக்கு 10,000 அழைப்பு, சரி. ஆனா வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்தான் இலவசம். விளம்பரம் போட்டாலே வணிகம். அந்த வரியையாவது மாத்துங்க.

முன்முனை_முருகு: இப்ப வானிலைக்குத் தாவியாச்சா? ரெண்டு பேரும் பேசி வச்சுட்டு வந்தீங்களா?

வரைபடப்பூச்சி: தாவல. நாமினேட்டிம் வரி இன்னும் பட்டியல்ல அப்படியே நிக்குது. வரம்பு பத்தலன்னா நாமினேட்டிமை உங்க சர்வர்லயே சொந்தமா நிறுவுங்க. உலகம் முழுக்கன்னா 1 டெராபைட் எஸ்எஸ்டி கேட்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைப் பகுதி பகுதியாத் தர்ற ஜியோஃபாப்ரிக்ல இந்தியாவோட தென்மண்டலக் கோப்பு தனியா கிடைக்குது, அதுக்கு அவ்வளவு தேவையில்ல. சொந்த சர்வர்ல இந்த வரம்பு இல்ல, அது தாங்குற வரைக்கும் அனுப்பலாம்.

முன்முனை_முருகு: பட்டியலை மாத்தப் போறதில்ல. யூசருக்கு ஒண்ணு.

வரைபடப்பூச்சி: ஆப்புக்கு ஒண்ணு.