டிலேனி ஒரு கே (ஒருபாலீர்ப்பாளர்) என்பதைத் தெரிந்துகொண்டுதான் அவர் நாவலைப் படிக்க வேண்டுமா?

ஆறாம்விரல்:
இந்த மாதக் கூட்டு வாசிப்புக்கு அமெரிக்க அறிபுனை (அறிவியல் புனைகதை) எழுத்தாளர் சாமுவேல் டிலேனியின் ‘பேபல்-17’ என்று முடிவானதும் ஒரு சின்ன அறிமுகம் எழுதியிருந்தேன். அதில் ஒரு வரி: “பதின்வயதிலேயே தான் ஒரு கே என்று அறிந்த, அறிபுனைக் கதைகளை வெறியோடு படித்த ஹார்லம் பையன், இருபது வயதில் நாவலாசிரியர் ஆனார்.” அந்த ஒரு வரிக்கு இத்தனை ஆட்சேபம் வரும் என்று நினைக்கவில்லை. “கதையைப் பேசுங்கள், படுக்கையறை எதற்கு?” என்று பழையபேப்பர் கேட்டிருக்கிறார். வாசிப்பு இழையில் இது ஓடினால் நாவல் காணாமல் போய்விடும் என்பதால் தனி இழை.

என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். டிலேனி பிறந்தது 1942 ஏப்ரல் 1. அப்பா நியூயார்க்கில் கறுப்பர்கள் வாழும் ஹார்லம் பகுதியில் இறுதிச் சடங்கு நிலையம் நடத்தினார். அதன் மாடியில்தான் குடும்பம் குடியிருந்தது. பையனுக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதிலேயே சிக்கல் (டிஸ்லெக்ஸியா). ஆனாலும் நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர முடியும் என்கிற பிராங்க்ஸ் அறிவியல் பள்ளியில் படித்தார். பின்னாளில் பெரிய கவிஞரான மாரிலின் ஹேக்கர் அங்கே அவருக்குத் தோழி. 1961-ல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். பெண் வெள்ளை யூதர், பையன் கறுப்பர், இருவருக்கும் வயதும் குறைவு. சட்டம் அனுமதிக்கும் மாநிலம் தேடி நியூயார்க்கிலிருந்து டெட்ராய்ட் வரை போக வேண்டியிருந்தது. அவர் கே என்பது இருவருக்குமே தெரிந்துதான் இந்தக் கல்யாணம். பிறகு ஹேக்கர் ஏஸ் புக்ஸ் பதிப்பகத்தில் வேலைக்குச் சேர்கிறார். அங்கே வருகிற கதைகளில் பெண் பாத்திரங்கள் சகிக்கவில்லை என்று வீட்டில் வந்து புலம்புகிறார். அதைக் கேட்டுத்தான் இவர் எழுத உட்கார்ந்தார். 1962-ல் முதல் நாவல் அதே பதிப்பகத்தில் வந்தது. இதில் எந்தத் தகவலை நான் மறைத்திருக்க வேண்டும்?

பழையபேப்பர்:
மறைக்கச் சொல்லவில்லை ஐயா. வரிசையைத்தான் கேட்கிறேன். ஆளை முதலில் வைத்து நூலைப் பின்னால் வைத்தால், வாசகர் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த ஆளைத் தேடிக்கொண்டே போவார். ‘பேபல்-17’ மொழியையே ஆயுதமாக்குகிற போர்க்கதை. ரிட்ரா வோங் என்ற கவிஞர் விண்கலத்தின் கேப்டனாகி எதிரியின் சங்கேதத்தை அவிழ்க்கப் போகிறார். அவிழ்த்துப் பார்த்தால் அது சங்கேதமே இல்லை, ஒரு மொழி. அதில் ‘நான்’ என்ற சொல்லே கிடையாது. எவ்வளவு பெரிய யோசனை! இதை ரசிக்க ஆசிரியர் யாரைக் காதலித்தார் என்று எனக்கு ஏன் தெரிய வேண்டும்? அறிபுனைக்குத் தருகிற நெபுலா விருதை 1966-ஆம் ஆண்டுக்கு இது இன்னொரு நாவலோடு பகிர்ந்துகொண்டது. வாக்களித்தவர்கள் நாவலுக்குத்தான் வாக்களித்தார்கள்.

நட்சத்திரா:
சார், அந்த நாவலின் சமர்ப்பணத்தைப் படித்தீர்களா? ஒரு நண்பரின் பெயரைச் சொல்லி, கடந்த ஓராண்டைக் கொஞ்சமாவது விளக்குவதற்காக என்று போட்டிருப்பார். அந்த ஓராண்டு என்ன என்பதைத் தன் தன்வரலாற்று நூலில் அவரே எழுதிவிட்டார். அவரும் மனைவியும் இன்னொரு ஆணுமாக மூவர் சேர்ந்து வாழ்ந்த காலம் அது. இப்போது நாவலுக்கு வாருங்கள். கப்பலுக்குப் பாதை கணிக்கிறவர்கள் மூன்று மூன்று பேராக, மும்மணமாகச் சேர்ந்திருப்பார்கள். அதில் ஒருவர் இறந்துபோனதால் மிச்ச இரண்டு ஆண்களும் தவிக்கிறார்கள். கேப்டன் போய் மூன்றாவது ஆளைத் தேடிக் கொடுக்கிறார். சாதாரணமாகப் படித்தால் “வித்தியாசமான எதிர்காலச் சமூகம், நல்ல கற்பனை” என்று தாண்டிவிடுவோம். தெரிந்து படிக்கும்போது அந்த இரண்டு ஆண்களின் துக்கம் எனக்கு வேறு மாதிரி கேட்டது. தெரியாமல் படித்த தோழி ஒருத்தி அந்தப் பகுதியை நீளம் என்றாள்.

பழையபேப்பர்:
நீளம்தான். அந்தப் பகுதி நாவலில் தனியாக நிற்கவில்லை என்றால் அது நாவலின் குறை. வாழ்க்கைக் குறிப்பைக் கொண்டுவந்து முட்டுக் கொடுப்பது விமர்சனம் ஆகாது.

குறுக்குவிசாரணை:
நான் இந்த இரண்டு கட்சியிலும் இல்லை. என் சந்தேகம் சாட்சியின் மேல். நீங்கள் எல்லோரும் மேற்கோள் காட்டுகிற தன்வரலாறு 1988-ல் வந்தது. மறு ஆண்டே ஹ்யூகோ என்ற அறிபுனை விருதும் வாங்கியது. அது எப்படித் தொடங்குகிறது தெரியுமா? அப்பா 1958-ல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார், அப்போது எனக்கு வயது பதினேழு என்று தான் வெகுகாலமாகச் சொல்லிவந்ததை எழுதுகிறார். இரண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து இது பொருந்தவில்லையே என்று எழுதிக் கேட்கிறார்கள். உண்மையில் அப்பா இறந்தது 1960-ல், இவருக்கு அப்போது பதினெட்டு. பெற்ற தகப்பன் செத்த வருஷமே தப்பு. இந்தச் சாட்சியை வைத்துக்கொண்டு பதினைந்து வயதில் அவர் மனசில் என்ன இருந்தது, அது எந்த நாவலில் எப்படி வந்தது என்றெல்லாம் தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

ஆறாம்விரல்:
அந்தப் பிழையை நூலின் வாசலிலேயே நிறுத்தியவர் அவர்தானே? மறைக்க நினைக்கிறவர் அதை அமைதியாகத் திருத்திவிட்டுப் போயிருப்பார். நினைவு இப்படித்தான் வேலை செய்கிறது, இனி நான் சொல்வதையெல்லாம் இதை மனதில் வைத்துப் படியுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்ததே அந்த இடத்தில்தான்.

குறுக்குவிசாரணை:
நம்பிக்கை வேறு, ஆதாரம் வேறு. ஜோன் ஸ்காட் என்ற வரலாற்றாசிரியர் 1991-ல் எழுதிய பிரபலமான கட்டுரை ஒன்று இதே நூலில் வரும் ஒரு காட்சியிலிருந்துதான் தொடங்குகிறது. 1963-ல் நியூயார்க்கின் ஒரு குளியல் விடுதி, மங்கிய நீல வெளிச்சம், அங்கே அத்தனை ஆண்களை ஒரே இடத்தில் பார்த்ததும் “நான் தனி ஆள் இல்லை” என்று இவருக்கு உறைக்கிற இடம். ஸ்காட் கேட்பது இதுதான்: ‘நான் அனுபவித்தேன்’ என்றால் அதோடு விசாரணை முடிந்துவிடுமா? அந்த அனுபவத்தையே உருவாக்கியது எது என்று பார்க்க வேண்டாமா? நான் கேட்பதும் அதைத்தான். “கே பையன், தனிமை, அறிபுனை அடைக்கலம் தந்தது, எழுத்தாளன் ஆனான்” என்பது ஒரு அச்சு. யாரை ஊற்றினாலும் அதே உருவம்தான் வரும்.

நட்சத்திரா:
இந்த இடத்தில் நீங்கள் டிலேனியோடு சண்டை போடவில்லை, அவர் பக்கம்தான் நிற்கிறீர்கள் :) 1964-ல் அவருக்கு மனம் குலைந்து நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையின் பகல்நேரச் சிகிச்சையில் சேர்கிறார். வயது இருபத்திரண்டு, அதற்குள் சில நாவல்கள் வந்தாகிவிட்டன. குழுவாக உட்கார்ந்து பேசும் சிகிச்சை. ஒரு நாள் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு தான் கே என்று சொல்கிறார். சொன்ன விதம்தான் விஷயம். அது ஒரு பிரச்சினை, அதைச் சரிசெய்யப் பார்க்கிறேன் என்கிற தொனியில் சொல்லிவிட்டு வருகிறார். அப்புறம் யோசித்தால், தான் உண்மையில் உணர்ந்ததற்கும் அங்கே பேசியதற்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிகிறது. ஊர் தன் கையில் கொடுத்துவைத்த சொற்களைத்தான் எடுத்துப் பேசியிருக்கிறார். அன்றைக்கு நியூயார்க்கில் ஆணும் ஆணும் உறவுகொள்வது சட்டப்படி குற்றம். 1980-ல்தான் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் கே என்பதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்ததே 1973-ல். அந்த நாளில் ஒருவன் வாயைத் திறந்தால் குற்றவாளியாகவோ நோயாளியாகவோதான் பேச முடியும்.

இப்போது பழையபேப்பர் சாருக்கு ஒரு கேள்வி. ஒரு மொழியில் ஒரு சொல் இல்லையென்றால் அதைப் பேசுகிறவனால் எதை நினைக்க முடியாமல் போகிறது என்பதுதானே ‘பேபல்-17’? அந்தச் சிகிச்சைக்குப் பின்னால் வந்த நாவல் அது. நான் முட்டுக் கொடுக்கவில்லை. நீங்கள் பெரிய யோசனை என்று பாராட்டியதைத்தான் சொல்கிறேன்.

பழையபேப்பர்:
இது நல்ல வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மொழியும் சிந்தனையும் என்ற யோசனை அந்தக் காலத்தில் எல்லார் வாயிலும் இருந்தது, மொழியியல் படித்த எவரும் எழுதியிருக்கலாம்.

ஆறாம்விரல்:
எழுதியிருக்கலாம். இவர்தான் எழுதினார்.

கொழும்புவாசி:
இடையில் வருவதற்கு மன்னியுங்கள். டிலேனியை மட்டும் வைத்துப் பேசினால் பாதிதான் தெரியும். எங்கள் ஊரில் ஐம்பது ஆண்டுக்கு மேல் இருந்த ஆங்கில அறிபுனை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கை எடுங்கள். அவரும் அறிபுனை வெறிபிடித்த பையன்தான். இங்கிலாந்தின் மைன்ஹெட் என்ற கடலோர ஊர். அமெரிக்க மலிவு இதழ்களைத் தேடிச் சேர்த்துப் படித்தவர். 1936-ல் லண்டனுக்கு அரசாங்கக் கணக்குத் தணிக்கை வேலைக்குப் போய், பிறகு இன்னொரு ரசிகரோடு ஒரே வீட்டில் தங்கி, விண்வெளிப் பயணச் சங்கக் கூட்டங்களில் பொழுதைக் கழித்தார். 1956-ல் இலங்கைக்கு வந்து, 2008-ல் இங்கேயே காலமானார். தான் கே என்று அவர் ஒருநாளும் வெளியே சொன்னதில்லை. பத்திரிகையாளர் கேட்டால் வேடிக்கையாகப் பதில் சொல்லிச் சமாளிப்பார். அவர் இறந்த பிறகு எழுத்தாளர் மைக்கேல் மூர்காக், இது நண்பர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் என்று எழுதினார். 1977-ல் விபத்தில் இறந்த நெருங்கிய நண்பருக்கு ஒரு நாவலைச் சமர்ப்பித்து, ஆயுளில் ஒரே பூரண நண்பர் என்று குறித்திருக்கிறார். கொழும்புக் கனத்தை மயானத்தில் அந்த நண்பருக்குப் பக்கத்திலேயே அடக்கமும் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் 1967 வரை ஆணும் ஆணும் உறவுகொள்வது குற்றம். இங்கே பிரிட்டிஷ்காரர் 1883-ல் கொண்டுவந்த தண்டனைக் கோவையின் அந்தப் பிரிவு இன்னும் நீக்கப்படவில்லை.

என் நிலைப்பாடு இதுதான். டிலேனி தானே சொன்னார். அறிமுகத்தில் தாராளமாகப் போடுங்கள். கிளார்க் சொல்லவில்லை. அவர் வாய் திறக்காததை அவர் நூல் அட்டையில் நாம் எழுதுவது சரியில்லை.

குறுக்குவிசாரணை:
இதுதான் இந்த இழையில் முதல் தெளிவான அளவுகோல்.

நட்சத்திரா:
எனக்கு இதில் பாதி உடன்பாடு. சட்டம் வாயைக் கட்டியதை “அவர் விருப்பம்” என்று சொல்லி முடித்துவிட முடியுமா? கிளார்க்கின் நாவல்களில் ஆண்கள் மிக அன்பாக, கொஞ்சம் தூரமாக, குடும்பச் சிக்கல் எதுவும் இல்லாமல் விண்வெளிக்குப் போய்க்கொண்டே இருப்பார்கள். அதை எந்தக் காரணமும் சொல்லாமல் “அறிவியல் எழுத்தாளரின் வறட்சி” என்று எழுதுகிறார்கள். அது மட்டும் நியாயமா?

கொழும்புவாசி:
வறட்சி என்று எழுதுகிறவரோடு நூலை வைத்துச் சண்டை போடலாமே. மனிதரை ஏன் இழுக்க வேண்டும்?

ஆறாம்விரல்:
ரசிகனாக இருந்த பகுதியை எல்லோரும் தாண்டிப் போகிறோம். எனக்கு அதுதான் முக்கியம். ஹைன்லைன் என்ற அமெரிக்க அறிபுனை எழுத்தாளரின் 1959 நாவல் ஒன்றில் வெகுதூரம் போன பிறகுதான் நாயகன் வெள்ளையன் இல்லை என்று போகிறபோக்கில் தெரியவரும். இளவயதில் அதைப் படித்த அதிர்ச்சியை டிலேனி பின்னால் பலமுறை எழுதியிருக்கிறார். அந்த உலகத்தில் நிறம் ஒரு விஷயமே இல்லாததால்தான் இத்தனை பக்கம் யாரும் அதைச் சொல்லவில்லை! பிரசங்கம் இல்லை, கண்ணீர் இல்லை, வாக்கியத்தின் நடுவில் ஒரு தகவல், அவ்வளவுதான். இந்த வித்தையை அவர் ரசிகனாகக் கற்றுக்கொண்டு எழுத்தாளனாகப் பயன்படுத்தினார். 1968-ல் ‘நோவா’. நாயகனின் தாய் செனகல் வழி, தந்தை நார்வே வழி. அதைத் தொடராக வெளியிட அறிபுனை இதழாசிரியர் ஜான் கேம்பெல் மறுத்துவிட்டார். கறுப்பு நாயகனை எங்கள் வாசகர்கள் ஏற்கமாட்டார்கள் என்று டிலேனியின் முகவரிடம் சொன்னாராம். 1998-ல் ஒரு கட்டுரையில் டிலேனி இதை எழுதியிருக்கிறார். அறிபுனை கே பையனுக்கு அடைக்கலம் தந்தது என்று நான் சொல்லவே இல்லை. அடைக்கலம் தருகிற வீடு இப்படியா கதவைச் சாத்தும்? அவருக்கு அது ஒரு கருவி கொடுத்தது.

பழையபேப்பர்:
கருவி என்றால் நானும் வருகிறேன். அப்படியானால் ‘ஆம், கொமோராவும்’ கதையை எடுப்போம். 1967, ஹார்லன் எலிசன் தொகுத்த பெரிய தொகுப்பில் கடைசிக் கதை, சிறுகதைக்கான நெபுலா. விண்வெளியில் வேலை செய்கிறவர்களைப் பருவம் வருவதற்கு முன்பே பாலுறுப்பு வளராதபடி செய்துவிடுகிறார்கள். பூமியில் ஒரு கூட்டம் அவர்களைத் தேடித்தேடி ஆசைப்படுகிறது. திருப்பி ஆசைப்பட முடியாதவர்கள் என்பதால்தான் அந்த ஆசையே. இதைக் கே கதை என்று படித்தால் கதை சுருங்கிப் போகிறது. யார் இதில் கே? விண்வெளிக்காரனா, அவனைத் துரத்துகிறவளா? பணம் கேட்கிறவனின் வெறுமையும், ஆசைப்படுகிறவளின் வெட்கமும் ஒரே அளவில் இருக்கின்றன. ஆசிரியர் எந்தப் பக்கம் என்று தெரியாததுதான் அந்தக் கதையின் பலம்.

நட்சத்திரா:
இரண்டு பக்கமும் அவர்தான் சார். தெருவில் நோட்டம் விடுவது, விலை பேசுவது, பேசி முடித்ததும் இருவருக்கும் வருகிற கசப்பு, இதையெல்லாம் அந்த வயதில் அவ்வளவு துல்லியமாகக் கற்பனையில் மட்டும் யாரும் எழுதிவிட முடியாது.

பழையபேப்பர்:
“முடியாது” என்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன். கற்பனையால் முடியாது என்றால் நாம் எதற்கு அறிபுனை படிக்கிறோம்?

புதுவாசகன்22:
வணக்கம், நான் இங்கே புதிது. சுஜாதா தாண்டி அறிபுனை படித்ததில்லை. டிலேனியின் ‘டால்கிரென்’ பத்து லட்சம் பிரதிக்கு மேல் விற்றதாகச் சொல்கிறார்களே, அதிலிருந்து தொடங்கலாமா?

பழையபேப்பர்:
தம்பி, வேண்டாம். எண்ணூறு பக்கத்துக்கு மேல், கடைசி வாக்கியம் முதல் வாக்கியத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சிறுகதையிலிருந்து தொடங்குங்கள். அறிமுகத்தைப் பிறகு படியுங்கள்.

ஆறாம்விரல்:
சிறுகதை சரி. அறிமுகத்தை முன்னால் படித்தாலும் ஒன்றும் ஆகாது தம்பி. முடித்ததும் இதே இழையில் எழுதுங்கள், ஆசைப்படுகிறவள்மேல் உங்களுக்குப் பரிதாபம் வந்ததா, பணம் கேட்கிறவன்மேலா என்று.