புதுப்பிப்பு: ஆம்னி வேன் ஹெட் கேஸ்கட் வேலை முடிந்தது

போன மாதம் எழுதியிருந்தேனே, ரேடியேட்டர் ஹோஸ் கசிந்து எஞ்சின் சூடேறி, சைலன்சரில் வெள்ளைப் புகை வந்த எங்கள் பழைய ஆம்னி. முன் சீட்டைத் தூக்கி, ஹெட்டை, அதாவது எஞ்சினின் மேல் பகுதியை, கழற்றிப் பார்த்தபோது 2-வது சிலிண்டருக்கும் தண்ணீர் வழிக்கும் நடுவே கேஸ்கட் (ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) எரிந்துபோயிருந்தது. தண்ணீர் சிலிண்டருக்குள் போய்த்தான் அந்த வெள்ளைப் புகை.

கேஸ்கட் மட்டும் மாற்றினால் போதாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போதாது. அலுமினிய ஹெட் சூட்டில் வளையும்; ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்விளிம்புப் பட்டையை வைத்து, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பார்த்தேன், 0.12 மி.மீ. இடைவெளி இருந்தது, 0.05-க்கு மேல் போனாலே லேத் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். ஃபேஸிங் அடித்து, அதாவது பரப்பைச் சீவிச் சமமாக்கி, மறுநாளே கொடுத்துவிட்டார்கள்.

நான் அதிக நேரம் செலவழித்தது பிளாக்கைச் சுத்தம் செய்வதில்தான். ஹெட் போல்ட் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) சரியாகக் காட்டினாலும் போல்ட் உண்மையில் இறுகியிருக்காது, தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். அப்புறம் ஹெட் போல்ட்களை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றாக இறுக்கினேன். டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்து இயங்க வைக்கும் பெல்ட்) மாட்டியபின் கிராங்க்கை, அதாவது எஞ்சினின் முக்கியத் தண்டை, இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றி, பெல்ட் சக்கரங்களின் குறிகள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்தேன்.

ஹோஸ், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூட்டுக்கேற்ப ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) இரண்டும் புதிது. இதுவரை 300 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, கூலண்ட் (ரேடியேட்டர் தண்ணீர்) மட்டம் அப்படியே இருக்கிறது, புகை சுத்தமாக நின்றுவிட்டது.