மின்வழங்கிகளில் “பிளீடர்” தடையிக்கு ஒரு சொல்: வடிதடையி

அன்பின் நண்பர்களுக்கு,

உயர் மின்னழுத்த மின்வழங்கிகளில் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பாதுகாப்பாக அளப்பது பற்றிய செய்முறைக் கையேட்டுக்காக நாம் திரட்டிவரும் சொற்களில் பெரும்பாலானவற்றுக்குப் புதுச்சொல் தேடவேண்டிய தேவையே இல்லை. பல்மானி, தடையி, கொள்ளளவி, சீராக்கி, பக்கவழித் தடை, புவித்தொடுப்பு எல்லாம் எமது மாணவர் பள்ளியிலேயே பழகியவை. இழுபறி ஒரு சொல்லில்தான். மின்வழங்கியை நிறுத்திய பின்னர் கொள்ளளவியில் எஞ்சியிருக்கும் ஏற்றத்தை மெல்ல வெளியேற்றுவதற்காக அதற்குக் குறுக்கே நிரந்தரமாகப் பூட்டப்படும் தடையியை, திருத்தும் கடைகளில் “பிளீடர்” என்கிறார்கள். அதற்குத் தமிழில் “வடிதடையி” என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

பதுளை நண்பர் தந்த “காப்புத் தடையி” கேட்பதற்கு இதமாக இருந்தாலும், அதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். மின்வேலை செய்வோர் கம்பியின் உறை எவ்வளவு நல்லது என்று சோதிக்கும்போது “காப்புத் தடை” என்பது வேறொரு பொருளில் ஏற்கெனவே புழங்குகிறது. அதைவிடப் பெரிய குறை, அந்தப் பெயர் தன்னால் தரமுடியாத உறுதியைத் தருவது. ஹட்டனில் ஒரு கடைக்குத் திருத்த வரும் மைக்ரோவேவ் அடுப்பை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவி ஏறத்தாழ 1 மைக்ரோ பரட்டு; வேலை செய்யும்போது 2,000 வோல்ற்றுக்கு மேல் ஏறி நிற்கும். பெரும்பாலும் அதன் உலோகக் கூட்டுக்குள்ளேயே 10 மெகா ஓம் தடையி ஒன்று இருக்கும். அது நலமாக இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் அழுத்தம் சில வோல்ற்றுக்கு இறங்கிவிடும். அது உள்ளே அறுந்துவிட்டாலோ வெளியே எந்த அடையாளமும் தெரியாது: அடுப்பு வழமைபோலச் சூடாக்கும், செருகியைக் கழற்றினால் விளக்கு அணையும், கொள்ளளவி மட்டும் ஏற்றத்தோடு காத்திருக்கும். “காப்பு” என்று பெயர் படித்த ஒரு பயிலுநர் அந்த முனையில் கை வைப்பதற்கு நமது சொல் காரணமாகிவிடக் கூடாது.

கண்டியில் இருந்து எழுதும் ஆசிரியர் ஐயா, அழுத்தத்தைப் பிரித்து அளக்கும் தடையித் தொடருக்கு நாம் ஏற்றுக்கொண்ட “அளவைச் சங்கிலி” என்ற பெயரையே இதற்கும் நீட்டலாம் என்கிறார். இரண்டும் கொள்ளளவிக்குக் குறுக்கே நிற்கும் தடையிகள்தானே என்பது அவரது நியாயம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த நியாயம் நிற்பதில்லை. 10 கிலோவோல்ற்று மின்வழங்கியில் 0.1 மைக்ரோ பரட்டுக் கொள்ளளவி இருந்தால் அதில் 5 யூல் சக்தி தங்கியிருக்கும். அளவைச் சங்கிலியின் மொத்தத் தடை 1,000 மெகா ஓம் என்றால் அதனூடாக ஓடுவது 10 மைக்ரோ அம்பியர் மட்டுமே. அது தனியே வேலை செய்து அழுத்தத்தை 67 வோல்ற்றுக்குக் கொண்டுவர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். 100 மெகா ஓம் வடிதடையி இதே வேலையை 50 செக்கனில் முடித்துவிடும். அது 1 வாற்றுச் சூட்டைத் தாங்கவேண்டும். சாதாரண கால் வாற்றுத் தடையி ஒன்று ஏறத்தாழ 250 வோல்ற்று மட்டுமே தாங்கும் என்பதால் குறைந்தது நாற்பதைத் தொடராகப் பூட்டவேண்டும். ஆனால் அதன் பெறுமானம் மிகத் துல்லியமாக இருக்கவேண்டியதில்லை.

நமது மலைநாட்டுக் காலநிலை இந்த வேறுபாட்டை இன்னும் தெளிவாக்குகிறது. நுவரெலியாவில், 1,868 மீற்றர் உயரத்தில், காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். எனவே அதே இடைவெளியில் தீப்பொறி குறைந்த மின்னழுத்தத்திலேயே பாயும். மூடுபனியின் ஈரம் தடையிகளின் மேற்பரப்பில் படிந்து 10,000 மெகா ஓம் கசிவுப் பாதை ஒன்றை உண்டாக்கினால், அளவைச் சங்கிலியின் வாசிப்பு ஏறத்தாழ பத்து வீதம் கூடிவிடும். வடிதடையிக்கோ அது ஒரு வீத மாற்றம் மட்டுமே. ஒரே ஈரத்தால் ஒன்று கெட்டு மற்றது கெடாமல் இருக்கும்போது இரண்டுக்கும் ஒரே பெயர் பொருந்தாது.

“இறக்கத் தடையி” என்பதே எனக்கு மிகவும் நெருங்கிய போட்டியாளர். மின்னேற்றம், மின்னிறக்கம் என்று உயர்தர மாணவர் படிப்பதோடு அது ஒத்துப்போகிறது. ஆனால், கொள்ளளவியின் முனைகளைத் தொட்டுப் புவியோடு இணைக்கும் கைக்கோலான “புவிக்கோல்” வரும் கையேட்டு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “இறக்கத் தடையியின் ஊடாக இறங்கிய பின்னர் புவிக்கோலால் இறக்குக.” காத்திருப்பதும் கைச்செயலும் ஒன்றோடொன்று கலந்து, முதலாவதே போதும் என்று வாசிப்பவர் எண்ணிவிடலாம். “வடிதடையியில் வடியும்வரை காத்திருந்து, புவிக்கோலால் இறக்குக” என்றால் இரண்டு செயலுக்கும் இரண்டு வினைகள் கிடைக்கின்றன. மழை விட்ட பிறகும் தேயிலை மலையின் கானில் தண்ணீர் சிறிது நேரம் வடிந்துகொண்டே இருப்பதையும், கான் அடைபட்டால் தண்ணீர் அப்படியே தேங்கிவிடுவதையும் கண்டு வளர்ந்தவர்களுக்கு இச்சொல்லை விளக்கவேண்டியதில்லை. “வடிகட்டி”யோடு குழம்பும் என்ற தடையை நான் அலட்சியம் செய்யவில்லை. அதனால்தான் “வடித் தடை” என்று பிரிக்காமல் எப்போதும் “வடிதடையி” என்று ஒரே சொல்லாக எழுதவேண்டும் என்கிறேன்.

ஓட்டத்தை அளக்கும் பக்கவழித் தடைக்குப் புதுப்பெயர் வேண்டாம். ஓர் எச்சரிக்கை மட்டும் சேரவேண்டும். அதை எப்போதும் புவித்தொடுத்த திரும்பு கம்பியிலேயே வைக்கவேண்டும். 1 கிலோ ஓம் என்றால் 1 மில்லி அம்பியருக்கு 1 வோல்ற்று காட்டும். அது அறுந்தால் முழு அழுத்தமும் பல்மானியில் வந்து நிற்கும் என்பதால், அதற்குச் சமாந்தரமாக ஒரு காப்பு இருவாயி கட்டாயம் தேவை.

சொற்கோவைக்கு நான் எழுதியுள்ள விளக்கம் இது: “வடிதடையி: மின்வழங்கி நிறுத்தப்பட்டதும் கொள்ளளவியின் ஏற்றத்தைப் படிப்படியாக வடியச் செய்யும் நிரந்தரத் தடையி. இது அறுந்திருக்கலாம் என்று கொண்டே வேலை செய்யவேண்டும். வடிந்ததாகக் கருதும் நேரம் கடந்த பின்னர் புவிக்கோலால் முனைகளைத் தொட்டு, வேலை முடியும்வரை அதை அங்கேயே விட்டுவைக்கவும். எடுத்துவிட்டால் கொள்ளளவியின் காவலிக்குள் தங்கிய ஏற்றம் அழுத்தத்தை மீண்டும் ஓரளவு எழுப்பும்.”

“புவிக்கோல்” என்பதற்குப் பதிலாகத் “தரைக்கோல்” வேண்டும் என்போர், பாடநூலின் “புவித்தொடுப்பு” என்ற சொல்லையும் மனதில் வைத்துத் தமது கருத்தை எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.