1.05 பிக்கைக் கொடுத்து மூன்று பிக்குகள் வாங்கலாமா?

கேள்வி:

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் வீரர்களை வைத்துக் கற்பனை அணி நடத்தும் ஃபேன்டசி ஆட்டம் ஆடுகிறேன். வீரர்களை ஆண்டுதோறும் தக்கவைத்துக்கொள்ளும், பன்னிரண்டு பேர் ஆடும் டைனஸ்டி லீக்கில் எனக்கு இது மூன்றாம் ஆண்டு. சூப்பர்ஃப்ளெக்ஸ் முறை (பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குகளில் இரண்டாவது ஒருவரையும் இறக்கலாம்), அணிக்கு 25 இடங்கள், இளம் வீரர்களைத் தனியாக வைத்திருக்கும் டாக்ஸி இடங்கள் கிடையாது. கடந்த பருவத்தில் எட்டாவதாக முடித்ததால் புதிய வீரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் மே மாத ரூக்கி டிராஃப்டில் 1.05, அதாவது முதல் சுற்றின் ஐந்தாவது தேர்வு (பிக்), என் கையில் இருக்கிறது.

நேற்றிரவு, நான்காவதாக முடித்த நண்பர் அதைக் கேட்டார். பதிலுக்கு 1.09, 2.03, அடுத்த ஆண்டின் தன் இரண்டாம் சுற்று பிக் ஆகிய மூன்றையும் தருகிறாராம். இணையத்தில் உள்ள மதிப்பீட்டுக் கருவியில் போட்டுப் பார்த்தேன். லாபம் எனக்கே என்று காட்டுகிறது. ஆனாலும் ஒப்புதல் பொத்தானை அழுத்த மனம் வரவில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில் 1:

மனம் தயங்குவது சரிதான். கருவி புள்ளிகளைக் கூட்டுகிறது. உங்கள் அணியில் எத்தனை பேர் களமிறங்க முடியும் என்று அதற்குத் தெரியாது. இந்த ஆண்டு ஒரு பிக்கைக் கொடுத்து இரண்டு வாங்கினால், 25 பேரில் ஒருவரைக் கூடுதலாக வெளியேற்ற வேண்டும். அது யார் என்று இப்போதே பெயரை எழுதிப் பாருங்கள்.

அடுத்து, புதிய வீரர்களின் தரம் எந்த இடத்தில் ஒரு படி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். 2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நிஜ அணிகள் வீரர்களை எடுக்கும் என்எஃப்எல் டிராஃப்டின் முதல் மூன்று இடங்களில் கேலப் வில்லியம்ஸ், ஜெய்டன் டேனியல்ஸ், டிரேக் மே என மூன்று குவார்ட்டர்பேக்குகள் போனார்கள். பிறகு மார்வின் ஹாரிசன் ஜூனியர் நான்காவது, மலிக் நேபர்ஸ் ஆறாவது, ரோம் ஒடுன்சே ஒன்பதாவது, பிராக் பவர்ஸ் பதின்மூன்றாவது. சூப்பர்ஃப்ளெக்ஸ் ஆடியவர்கள் பெரும்பாலும் இந்த ஏழு பேரையும் மேல் படியில் வைத்திருந்தார்கள். 1.05 அந்தப் படிக்குள் இருந்தது, 1.09 வெளியே. நான்கு எண்தான் வித்தியாசம், விலையோ வெகு தூரம்.

சூப்பர்ஃப்ளெக்ஸில் இது இன்னும் கூர்மையாகும். பன்னிரண்டு பேரும் இரண்டு குவார்ட்டர்பேக்குகளை இறக்க விரும்பினால் 24 பேர் தேவை. என்எஃப்எல்லில் அணிகளே 32தான், அணிக்கு ஒரு முதன்மை குவார்ட்டர்பேக்தான்.

பதில் 2:

நான் மாறுபடுகிறேன். அதே 2024-இல் 23-ஆவதாகப் போன பிரையன் தாமஸ் ஜூனியர் முதல் பருவத்திலேயே பந்தைப் பிடித்து 1,282 யார்டு எடுத்தார். நேபர்ஸ் எடுத்தது 1,204. 1.09 வைத்திருந்தவர்களுக்கு தாமஸ் கிடைத்திருக்கக்கூடியவர்தான். 2020-இல் பல லீக்குகளில் 1.01 ஆகப் போனவர் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர். அவருக்குப் பின்னால் எடுக்கப்பட்ட ஜொனதன் டெய்லர் 2021-இல் 1,811 யார்டு ஓடி லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். நம் கணிப்பை நாமே இவ்வளவு நம்பக் கூடாது. இரண்டு முறை தூண்டில் போடுவதே எனக்குப் பிடிக்கும்.

பதில் 1:

1.09 விஷயத்தில் நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். 2.03-க்கு அது பொருந்தாது. புகா நகுவா 2023 என்எஃப்எல் டிராஃப்டில் 177-ஆவதாக எடுக்கப்பட்டு 1,486 யார்டு எடுத்தாரே என்பார்கள். இரண்டாம் சுற்று பிக் வைத்திருந்தவர்களும் அவரைக் கடந்துதான் போனார்கள். அப்படி ஒருவர் வருவார் என்று நம்பி 1.05-ஐ விற்க முடியாது.

கேட்டவருக்கு என் யோசனை: 1.09-ஐ வாங்கிக்கொள்ளுங்கள். 2.03-உம் அடுத்த ஆண்டு இரண்டாம் சுற்றும் வேண்டாம் என்று சொல்லி, அவருடைய அடுத்த ஆண்டு முதல் சுற்று பிக்கைக் கேளுங்கள். எதிர்கால முதல் சுற்று பிக்கை எல்லோரும் நடு இடமாகவே எண்ணி விலை சொல்வார்கள். ஆனால் அது யாருடைய பிக் என்பதே முக்கியம்: அவருடைய அணி சரிந்தால் அந்த பிக் மேலே வரும். அவருடைய ரன்னிங் பேக்குகளுக்கு (பந்தை ஏந்தி ஓடுபவர்கள், வயது ஏறினால் வேகமாகச் சரிபவர்கள்) என்ன வயது?

கேள்வி கேட்டவர்:

இப்போதுதான் பார்த்தேன். களமிறங்கும் இருவரில் ஒருவருக்கு 28, மற்றவருக்கு 29. பெஞ்சில் அவர்களுக்கு மாற்று யாரும் இல்லை.

பதில் 2:

அப்படியானால் நானும் முதல் சுற்றையே கேட்பேன். என்எஃப்எல் டிராஃப்ட் முடிவதற்கு முன்பே கேளுங்கள். ஏப்ரலில் புதிய வீரர்கள் மேல் ஆசை ஏறியிருக்கும் நேரத்தில்தான் உங்கள் 1.05-க்கு அவர் அதிகம் தருவார். அக்டோபரில் கேட்டால் அதே மனிதர் காயமடைந்தவருக்கு மாற்று தேடிக்கொண்டிருப்பார்.

கேள்வி கேட்டவர்:

நன்றி, இருவருக்கும். காலையில் கேட்டேன். முதலில் மறுத்தார், மாலையில் என் 25-ஆவது இடத்தில் இருந்த வைட் ரிசீவரையும் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) சேர்த்துத் தந்தால் சம்மதம் என்றார். எப்படியும் வெளியேற்ற இருந்தவர் என்பதால் கொடுத்துவிட்டேன். 1.09-உம் அவருடைய அடுத்த ஆண்டு முதல் சுற்றும் என் பெயருக்கு வந்துவிட்டன.