பெர்லின் ஏர்போர்ட் டிக்கெட்: கார்டும் எடுக்கவில்லை, ஓடிபியும் வரவில்லை

பெர்லினில் ஹெர்மன்பிளாட்ஸ் பக்கம் அப்பா அம்மாவுடன் தங்கியிருக்கிறேன். மூவரிடமும் நகருக்குள் செல்லும் ஏபி மண்டல வார டிக்கெட் இருக்கிறது. ஏர்போர்ட் சி மண்டலம், அதற்கு இணைப்பு டிக்கெட் வேண்டும்.

ஸ்டேஷன் மெஷினில் இந்திய டெபிட் கார்டைச் செருகினால், கொஞ்சம் யோசித்துவிட்டு வெளியே துப்புகிறது. வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்தாயிற்று, செருகாமல் கார்டை மெஷினில் தட்டியும் பார்த்தாயிற்று. போன் ஆப்பில் வாங்கலாம் என்றால் ஓடிபி வருவதில்லை. சிம்மில் ரோமிங் இல்லை. 50 யூரோ நோட்டையும் மெஷின் திருப்பித் தள்ளுகிறது. பஸ்சிலும் ரொக்கம் வாங்க மாட்டார்கள்.

வெள்ளி அதிகாலை யு7 மெட்ரோவில் ரூடோ ஸ்டேஷன் போய், ஏர்போர்ட்டுக்கு எக்ஸ்7 பஸ் பிடிக்க வேண்டும். பரிசோதகர் வந்தால் தலைக்கு 60 யூரோ அபராதம், அப்பாவுக்கு இப்போதே படபடப்பு.

வியாழன் இரவுக்குள் இந்த டிக்கெட்டை ரொக்கம் கொடுத்து எங்கே வாங்கலாம்?