ஓஎல்இடியா, மினி எல்இடியா?

55 அங்குல 4கே டிவி வாங்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடியா, பின்னால் குட்டிக் குட்டி விளக்குகள் வைத்த எல்சிடியான மினி எல்இடியா, எந்தத் திரை என்பதில் முட்டி நிற்கிறேன். பகல் முழுக்க ஜன்னல் வெளிச்சம் நேரே திரையில் விழும் இடம். சோபா இரண்டரை மீட்டர் தள்ளி, இரண்டு பேர் பக்கவாட்டில்தான் உட்காருவார்கள். அப்பா செய்திச் சேனலை அணைக்கவே மாட்டார்.

கியூஎல்இடி என்ற பெயரில் விற்பதும் பின்விளக்கு வைத்த எல்சிடிதான் என்பது வரை படித்துவிட்டேன். கடையில் நேரில் பார்த்தும் பயனில்லை, எல்லாம் கண்ணைப் பறிக்கும் டெமோ மோடில் ஓடுகின்றன. ஓஎல்இடியில் கறுப்பு அசல் கறுப்பு, ஓரத்திலிருந்தும் நிறம் பெரிதாக மாறாது. ஆனால் சேனல் லோகோ திரையில் நிரந்தரமாகப் பதிந்துவிடும் என்ற பயம். மினி எல்இடியில் வெளிச்சம் தாராளம், ஆனால் விஏ பேனல் (எல்சிடி திரையில் ஒரு வகை) என்றால் பக்கத்தில் இருப்பவருக்குப் படம் வெளுக்கும்.

செய்தி நாள் முழுக்க ஓடும் வீட்டில் ஓஎல்இடி வைத்திருப்பவர்களே, லோகோ பதிந்ததா?