"இதெல்லாம் நடந்தது என்று யார் சொன்னது?" – ஏழாம் வகுப்பில் மாட்டிக்கொண்டேன்

சாக்பீஸ்தூள் கேட்டது:
இத்தனை வருடம் கணக்கு எடுத்துவிட்டு இந்த ஆண்டுதான் வரலாற்றுக்கு வந்திருக்கிறேன். பிள்ளைகள் ஆண்டுகளைக் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். தேர்வு முடிந்த மறுநாள் ஒன்றும் மிஞ்சுவதில்லை. போன வாரம் ஒரு பையன் எழுந்து மேற்படி கேள்வியைக் கேட்டான். "புத்தகத்தில் இருக்கிறது, உட்கார்" என்றேன். அந்தப் பதில் எனக்கே உறுத்துகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

கடைசிபெஞ்சு:
கதையாகச் சொல்லுங்கள், நாடகம் போடச் சொல்லுங்கள். பன்னிரண்டு வயதுக்கு அது போதும்.

பழையவாத்தியார்:
கதை நல்லதுதான். ஆனால் அந்தப் பையன் கதையா கேட்டான்? சாட்சி கேட்டான். இத்தாலியின் வெசுவியஸ் எரிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சாம்பலில் ரோமானியர்களின் பாம்பேயி நகரம் எந்த மாதம் புதைந்தது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். நான் மூன்று சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுப்பேன்.

முதல் சீட்டு, வெடிப்பை நேரில் பார்த்த ரோமானியர் இளைய பிளினியின் கடிதம். எரிமலை வெடித்தபோது அவருக்கு வயது 17. வரலாற்றாசிரியர் டாசிடஸுக்கு அதை எழுதியதோ ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து. மூலக் கடிதம் இன்று இல்லை, கையால் படியெடுத்த பிரதிகள்தான் உண்டு. அவற்றில் நெடுங்காலம் ஏற்கப்பட்ட வாசகத்தில் ஆகஸ்ட் 24 என்று இருக்கிறது. வகுப்பு முழுக்க "ஆகஸ்ட்" என்று கத்தும். கத்தட்டும்.

இரண்டாவது, சாம்பலுக்கு அடியில் கிடைத்தவை: மாதுளை போன்ற இலையுதிர்காலப் பழங்கள், குளிர்காயும் கணப்புச் சட்டிகள். சத்தம் கொஞ்சம் அடங்கும்.

மூன்றாவது, 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் தெரியவந்த கரிக்கட்டைக் கிறுக்கல். அதில் இருப்பது நம் கணக்கில் அக்டோபர் 17. ஆகஸ்டில் புதைந்த ஊரில் அக்டோபரில் யார் கிறுக்கியது? இங்கே நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. கஷ்டம்தான், எனக்கு அது கைவரப் பல வருடம் ஆயிற்று. ஒரு முறை ஒரு சிறுமி, "அதில் வருடம் இல்லையே ஐயா, முந்தின அக்டோபராக இருந்தால்?" என்றாள். ஆய்வாளர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். சுவர்க்கரி எளிதில் அழிந்துவிடும், ஆகவே அதே ஆண்டாகத்தான் இருக்கும் என்பது ஒரு தரப்பின் பதில்.

சாக்பீஸ்தூள்:
ஐயா, நேற்று செய்து பார்த்தேன். மணி அடித்த பிறகும் சண்டை ஓயவில்லை. ஆனால் ஒருவன், "அப்படியென்றால் வரலாறே பொய்தானே?" என்று முடித்துவிட்டான். மற்றவர்களும் தலையாட்டுகிறார்கள்.

பழையவாத்தியார்:
எதிர்பார்த்தேன். "எல்லாம் உண்மை" என்று இருந்தவர்கள் ஒரே நாளில் "எல்லாம் பொய்" என்று தாவுவார்கள். முதல் முறை எனக்கும் அங்கேதான் பாடம் கவிழ்ந்தது. அடுத்த வகுப்பில், எதில் சந்தேகம், எதில் இல்லை என்று பலகையில் பிரித்து எழுத வையுங்கள். எரிமலை வெடித்ததா? ஊரே சாம்பலுக்குள் கிடக்கிறது. எந்த ஆண்டு? டைட்டஸ் ரோமப் பேரரசரான ஆண்டு, கி.பி. 79. ரோமானிய எழுத்துகளிலிருந்து தெரிகிறது. ஆட்டம் காண்பது மாதம் மட்டுமே. நோட்டில் ஆண்டைப் பேனாவிலும் மாதத்தைப் பென்சிலிலும் எழுதச் சொல்லுங்கள்.

சாக்பீஸ்தூள்:
பென்சிலில் எழுதினார்கள். அந்தப் பையன் மட்டும் "அக்டோபர்?" என்று கேள்விக்குறி போட்டிருக்கிறான். அதற்கு முழு மதிப்பெண் கொடுத்துவிட்டேன்.